பத்தாவது முடிக்கவில்லை, விசிட் விசாவில் ஷார்ஜா வேலைக்குப் போகலாமா?

பெரியபட்டினம் தம்பி:
அஸ்ஸலாமு அலைக்கும். ஒன்பதாவது வரைதான் படித்தேன். ஷார்ஜாவில் ஒரு கஃபேடீரியாவில் வேலை, சம்பளம் 1,500 திர்ஹம், ரூமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு என்று ராமநாதபுரத்தில் ஒருவர் சொல்கிறார். விசிட் விசாவில் ஏறிவிடு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். கேட்பது 1,20,000 ரூபாய். உம்மா நகையை அடகு வைக்கச் சம்மதித்துவிட்டார்கள். அங்கே இருக்கிற காக்காமார், போகுமுன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கீழக்கரை காக்கா, தேரா:
வ அலைக்கும் ஸலாம் தம்பி. நகையை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பத்தாவது தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் இ.சி.ஆர். என்று இருக்கும், அதாவது 'எமிகிரேஷன் செக் ரெக்வயர்ட்'. அந்தப் பாஸ்போர்ட்டில் அமீரகத்துக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ், அதாவது நம் அரசாங்கத்தின் அனுமதி, வாங்க வேண்டும். அதை வாங்காமல் ஏற்றிவிடத்தான் விசிட் விசா என்கிறார்கள். அப்படி வந்தால் நீங்கள் வேலைக்கு வந்ததாக நம் அரசாங்கத்தில் ஒரு பதிவும் இருக்காது. விசிட்டில் வேலை செய்வது இங்கே குற்றம். சம்பளம் நின்றாலும் புகார் சொல்லப் பயந்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான். விசா செலவு அமீரகச் சட்டப்படி முதலாளியுடையது. அப்புறம் 1,20,000 எதற்கு? கிளியரன்ஸோடு வந்தால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம்.

ஆஃபர் லெட்டரில் 'பேசிக்', அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்று பாருங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் ரூமில் இருந்த ஒரு தம்பிக்கு மொத்தம் 1,500, ஆனால் பேசிக் 700. வேலையை விட்டுக் கிளம்பும்போது தரும் கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) வருடத்துக்கு 21 நாள் பேசிக் என்று கணக்குப் போட்டார்கள். வருடத்துக்கு 490 திர்ஹம் வந்தது. முழுச் சம்பளமும் பேசிக்காக இருந்திருந்தால் 1,050. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. சம்பளம் கையில் தராமல் வங்கி அல்லது எக்ஸ்சேஞ்ச் (பணமாற்று நிறுவனம்) வழியாக வரட்டும், அதுதான் சாட்சி.

தொண்டி:
நான் விசிட்டில் வந்துதான் வேலை தேடினேன், கிடைத்தது. ஆனால் நான் பத்தாவது பாஸ், இ.சி.ஆர். கிடையாது. வேலை பர்மிட் கைக்கு வரும்வரை ஒரு நாளும் வேலைக்கு இறங்கவில்லை. காக்கா சொல்வதைக் கேளுங்கள்.

ஏர்வாடி உம்மா:
வாப்பா, என் மகனும் அங்கேதான் இருக்கான். பெட்டி கட்டும்போது கசகசா ஒரு பொட்டலம்கூட வேண்டாம், அங்கே அது போதைப்பொருள் கணக்கு. கறி மசாலா அரைத்துக் கொடுக்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு. டிராமடால், கோடீன் சேர்ந்த வலி மாத்திரை, இருமல் மருந்தெல்லாம் சும்மா எடுத்துப் போகக் கூடாது, அனுமதி வேண்டும். அங்கே ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் பார்ப்பார்கள், காசநோய் இருந்தால் விசா சிக்கல். ஊரிலேயே ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்.

பெரியபட்டினம் தம்பி:
ஆஃபர் லெட்டர் கேட்டேன் காக்கா. பணம் கட்டினால்தான் வரும் என்கிறார்.

கீழக்கரை காக்கா, தேரா:
அப்படியென்றால் பணம் கட்டாதீர்கள். அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். நம் வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் போட்டால் உண்மையா என்று தெரியும். 'நான் சப்-ஏஜென்ட்' என்றால் பேச்சை அதோடு நிறுத்துங்கள், சட்டத்தில் அப்படி ஒரு ஆளே கிடையாது. சரி, இன்னொன்று. தனித்தேர்வராகப் பத்தாவது எழுதுங்கள். பாஸானால் இ.சி.ஆர். இல்லாத பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வேறு யாராவது ஆஃபர் லெட்டர் கொடுத்தால், கையெழுத்துப் போடுமுன் பெயரை மறைத்து இங்கே போடுங்கள். வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.