ஃபெல்ட், சாயம், தையல் மூன்றையும் சேர்த்து ஒரு வயல்: டெல்டாவில் கிடைப்பதை வைத்துச் செய்ய முடியுமா?

குடமுருட்டிக்கரை:

வணக்கம். ஊர் பாபநாசம் பக்கம். கைத்தையல் பல வருடமாகச் செய்கிறேன். அதோடு ஃபெல்ட்டும் (கம்பளி இழையை நனைத்துக் கசக்கி இறுக்கிச் செய்யும் தடித்த துணி) சாயமும் சேர்த்து, சுவரில் மாட்டுகிற மாதிரி ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரே வயல், ஆனால் நாற்றங்காலின் இளம்பச்சை, நட்டு வேர் பிடித்த பிறகு வரும் கரும்பச்சை, கதிர் முற்றியதும் வரும் மஞ்சள், அறுத்த தாளின் வெளிறிய நிறம், எல்லாம் பக்கம் பக்கமாக இருக்க வேண்டும். அடித்தளம் முழுக்க ஃபெல்ட், வரப்பும் கதிரும் தையல்.

ஆன்லைனில் வெள்ளை மெரினோ கம்பளி (மென்மையான இழை தரும் ஒரு ஆட்டினத்தின் கம்பளி) கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். விலை அதிகம், அதையே எல்லாவற்றுக்கும் போட மனசு வரவில்லை. வீட்டில் இலவம்பஞ்சு மூட்டையாகக் கிடக்கிறது, அது ஃபெல்ட் ஆகுமா? சம்பா அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிடை போட வருகிறார்களே, அந்த ஆடுகளின் முடி? சாயம் முதலிலா, ஃபெல்ட் செய்த பிறகா? பச்சைக்கு இலையை வேகவைத்தால் போதுமா? எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது, அது வேறு கவலை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிமுனை:

அக்கா, இலவம்பஞ்சை விட்டுவிடுங்கள். அது ஃபெல்ட் ஆகாது, பருத்தி ஆகாது, வாழைநார், தென்னைநார் எதுவும் ஆகாது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன, சுடுநீரும் சோப்பும் பட்டுக் கசக்கும்போது இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து போய்ச் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு திரும்பி வர முடியாமல் இறுகுகின்றன, ஃபெல்ட் என்பதே அதுதான். செடியிலிருந்து வரும் நாரில் செதில் கிடையாது, எவ்வளவு நேரம் தேய்த்தாலும் நனைந்த பஞ்சுதான் மிஞ்சும். இலவம்பஞ்சின் மேல் மெழுகு வேறு இருக்கிறது, தண்ணீரே ஒட்டாது. பின்னால் முப்பரிமாணமாக ஏதாவது பொம்மை, மெத்தை என்று செய்தால் உள்ளே திணிக்க அருமையான பொருள், அதற்கு எடுத்து வையுங்கள்.

கிடை ஆடுகளும் உதவாது. அங்கிருந்து வருபவை ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் மாதிரியான முடி ஆடுகள், ரோமம் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். நம் மாநிலத்தில் கம்பளி தருவது திருச்சி கருப்பு, கோயம்புத்தூர்க் குறும்பை, நீலகிரி ஆடு. முதல் இரண்டும் முரட்டுக் கம்பளி. நீலகிரி ஆடு மெரினோ ரத்தம் கலந்தது, இழை மென்மை, ஆனால் எண்ணிக்கை குறைவு, சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். திருச்சி கருப்பின் கம்பளி கிடைத்தால் விடாதீர்கள். இறுகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் அந்தக் கருப்புக்குச் சாயமே வேண்டாம், உழுத சேற்றுக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் கிடையாது. அடியில் அதை ஒரு அடுக்கு போட்டு, மேலே மெரினோவை மெல்லிசாகப் போட்டால் உங்கள் விலைக் கவலையும் தீரும்.

செய்முறை சுருக்கமாக. கம்பளியை மெல்லிய இழையாகப் பிய்த்து ஒரு அடுக்கு நெடுக்கில், அடுத்தது குறுக்கில், இப்படி நான்கு அடுக்கு. கனமாக இரண்டு அடுக்கு போடுவதைவிட மெல்லிதாக நான்கு போடுவதுதான் சரியாக இறுகும். மேலே வலை விரித்துச் சோப்பு கரைத்த சுடுநீர் தெளித்து, முதலில் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள், ஆரம்பத்திலேயே தேய்த்தால் இழை கலைந்துவிடும். இரண்டு விரலால் கிள்ளித் தூக்கும்போது இழை தனியாக வராமல் மொத்தமாக எழும்பினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கோரைப்பாயில் சுருட்டி நான்கு பக்கமும் மாற்றி மாற்றி உருட்டுங்கள். எந்தத் திசையில் உருட்டுகிறீர்களோ அந்தத் திசையில்தான் சுருங்கும், ஆகவே ஒரே பக்கமாக உருட்டினால் சதுரம் கோணிக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு சுருங்கும் என்று வைத்து, முடிவில் 30 செ.மீ. வேண்டுமானால் 45 செ.மீ.க்குப் பரப்புங்கள்.

வரப்பு ஓரம், சின்னச் சின்னத் திருத்தம் இதற்கெல்லாம் ஃபெல்ட் ஊசி வாங்கிக்கொள்ளுங்கள். 38 எண் பொதுவேலைக்கு, 40 மெல்லிய வேலைக்கு. அடியில் தடித்த ஸ்பாஞ்சு அவசியம். குத்திய கோணத்திலேயே வெளியே எடுக்க வேண்டும், சாய்த்தால் முறிந்துவிடும்.

கும்மோணத்துச் சாயம்:

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சாயம் பற்றி நான் சொல்கிறேன், இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

முதலில் சாயம், பிறகு ஃபெல்ட். இறுகிய ஃபெல்ட்டுக்குள் சாயம் சீராக இறங்காது, சூட்டில் அது இன்னும் சுருங்கவும் செய்யும். பிரிந்த கம்பளியைச் சாயமேற்றி வைத்துக்கொண்டால் இளம்பச்சையையும் கரும்பச்சையையும் கையிலேயே கலந்து நடுநிறங்கள் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், உங்கள் வயலுக்கு அதுதான் உயிர். ஒரே ஆபத்து, சாயப் பாத்திரத்துக்குள்ளேயே கம்பளி இறுகிவிடும். அதனால் வலைப் பையில் போட்டு, வெதுவெதுப்பான நீரிலிருந்து மெதுவாகச் சூடேற்றி, கொதிக்க விடாமல், கிண்டாமல், அதே நீரிலேயே ஆற விடுங்கள். சூட்டிலிருந்து எடுத்துக் குளிர்ந்த நீரில் போடவே கூடாது.

100 கிராம் காய்ந்த கம்பளிக்கு 12 முதல் 15 கிராம் படிகாரம். சுடுநீரில் கரைத்து, 80 டிகிரி அளவில் ஒரு மணி நேரம். படிகாரம் ஏற்றாமல் சாயத்தில் போட்டால் பெரும்பாலான பூச்சாயம் கழுவும்போதே போய்விடும். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள், அதில் மறுபடி சமைக்காதீர்கள்.

பச்சைக்கு இலை வேகவைத்துப் பயனில்லை, இலையின் பச்சை இழையில் நிற்காது, வெளிறிப் பழுப்பாகிவிடும். மஞ்சள் ஏற்றி அதன் மேல் அவுரி நீலம் ஏற்றுவதுதான் பழைய வழி. மஞ்சளுக்குத் துலுக்கச் சாமந்தி எடுங்கள், கோயில் வாசலில் கழித்த மாலை கிடைக்கும், காயவைத்துக் கம்பளியின் எடைக்கு எடை போட்டால் நல்ல நிறம். மஞ்சள்தூள் மட்டும் வேண்டாம், இரண்டு காரணம். வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், சுவரில் மாட்டுவதற்கு அது ஆகாது. இன்னொன்று, சோப்பு காரம் என்பதால் மஞ்சள் அதில் சிவந்துவிடும், ஆரத்தியில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே அதே வேலைதான். ஃபெல்ட் செய்யும்போது உங்கள் கதிர் மஞ்சள் கண்முன்னே செங்கல் நிறத்துக்குப் போகும். வினிகர் நீரில் அலசினால் கொஞ்சம் திரும்பும், ஆனால் அந்தப் பாடே எதற்கு?

அவுரிச் சாயக்கட்டி திண்டிவனம் பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு பங்கு அவுரி, இரண்டு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு பழச்சர்க்கரை என்று தொட்டி கூட்டுவார்கள், பருத்திக்கு அது நன்றாக இருக்கும். கம்பளி அதிகக் காரத்தில் பொடிந்துபோகும், சுண்ணாம்பைக் குறைத்து, சில நிமிடம் மட்டும் முக்கி எடுத்துக் காற்றில் காட்டி, மறுபடி முக்குங்கள், கடைசியில் வினிகர் கலந்த நீரில் அலசுங்கள். ஒரு முக்கில் நாற்று, மூன்று முக்கில் கரும்பச்சை. பாசி படிந்த மாதிரி மங்கிய பச்சை வேண்டுமென்றால் அவுரியே வேண்டாம், சாமந்தி மஞ்சளில் துளி அன்னபேதி (ஒரு இரும்பு உப்பு) போதும், 100 கிராமுக்கு 1 கிராம். கூடினால் இழை முறியும்.

தண்ணீர்தான் முக்கியம். போர் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தில் சோப்பு திரிந்து கம்பளியில் பிசுக்காக ஒட்டும், இரும்பு இருந்தால் உங்கள் மஞ்சள் எல்லாமே கேட்காமல் பழுப்புப் பச்சையாகும். ஐப்பசி மழையில் மொட்டைமாடி நீரைப் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும் நாட்களில் எடுத்துத் தெளிய வைத்து வடிகட்டிப் பயன்படுத்தலாம்.

குடமுருட்டிக்கரை:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு இருவருக்கும் நன்றி. மஞ்சள்தூளில்தான் ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன், நல்ல வேளை. இன்னொரு கேள்வி. திருபுவனத்தில் நெசவு செய்யும் சொந்தக்காரர் வீட்டில் பாவு அறுத்த துண்டுப் பட்டிழைகள் கட்டுக்கட்டாகத் தருகிறார்கள். ஃபெல்ட்டுக்குள் அதைச் சேர்க்க முடியுமா, மேலே தைக்கத்தான் வேண்டுமா?

மாயவரம் தையற்காரி:

இரண்டும் முடியும். பட்டு தானாக ஃபெல்ட் ஆகாது, ஆனால் கம்பளி இழை நகரும்போது அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். முறுக்கிய இழை நழுவும், முறுக்கைப் பிரித்துக் கோதி, மேலே சன்னமாகக் கம்பளி இழை தூவினால் நிற்கும். நனைந்து இறுகிய பிறகு பட்டு சுருங்காமல் கம்பளி மட்டும் சுருங்குவதால் பட்டு நெளிந்து மேலே எழும்பி நிற்கும். தண்ணீர் கட்டிய வயலில் வெளிச்சம் பட்டதுபோல ஒரு மினுக்கு வரும், அந்தத் துண்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஜரிகை ஒட்டாது, அதைத் தைத்துவிடுங்கள். பட்டின் சாயம் சுடுநீரில் இறங்குகிறதா என்று முதலில் வெள்ளைத் துணியில் சோதித்துக்கொள்ளுங்கள்.

தையல் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. ஃபெல்ட் மேல் எம்பிராய்டரியை அலங்காரமாக ஒட்டவைக்காதீர்கள், அதைக்கொண்டு நிலத்தையே வடிவமாக்குங்கள். ஃபெல்ட் தடிமனானது, நூலை இழுத்துக் கட்டினால் அங்கே பள்ளம் விழும், பக்கத்தில் மேடு எழும். நெருக்கமான ஓட்டுத் தையலை இரண்டு வரிசை இறுக்கிப் போட்டால் நடுவில் வரப்பு தானாக எழுந்து நிற்கும். நாற்றுக்குக் காம்புத் தையல், நெல்மணிக்கு முடிச்சுத் தையல், அதுவும் கதிர் சாய்கிற பக்கமாகவே எல்லா முடிச்சும் சாய வேண்டும்.

கோயில் தேரில் தொங்கும் தொம்பையைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் துணி வெட்டி ஒட்டுத்தையலில் செய்வார்கள், கருப்பூரில் கலம்காரியாக வரைவார்கள், அதற்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒட்டுத்தையலில் ஓரத்தை மடித்துத் தைக்காவிட்டால் நூல் பிரியும். ஃபெல்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, வெட்டிய ஓரம் அப்படியே நிற்கும். ஆகவே வயல் துண்டுகளைத் தனித்தனியாக ஃபெல்ட் செய்து, வெட்டி, தொம்பை முறையில் ஒரு தளத்தில் பொருத்திப் பாருங்கள். ஒரே பரப்பில் எல்லா நிறத்தையும் போட்டால் எல்லைகள் கலங்கிவிடும், வயலுக்கு எல்லை வெட்டென்று தெரிய வேண்டும்.

ஊசிமுனை:

கலங்கட்டுமே, நடவு முடிந்த வயல்கள் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் ஒன்றோடொன்று கரைந்து தெரியும். இதில் நான் மாயவரத்து அக்காவோடு உடன்படவில்லை. பச்சைகள் இருக்கும் பகுதியை ஒரே பரப்பாகப் போடுங்கள், அறுத்த தாள் இருக்கும் துண்டை மட்டும் வெட்டி வையுங்கள். கையளவு மாதிரித் துண்டு இரண்டு விதத்திலும் செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாயவரம் தையற்காரி:

மாதிரி செய்வது சரியான யோசனை, அதற்கு நானும் கை தூக்குகிறேன். மழைக்காலத்தில் செய்வதானால் துண்டு உள்வரை காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும், மின்விசிறிக்குக் கீழே பாயில் விரித்துத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருங்கள், ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மிச்சக் கம்பளியை டப்பாவில் இறுக மூடி, கூடவே காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போட்டு, மாதம் ஒருமுறை திறந்து உதறிப் பாருங்கள், அந்துப்பூச்சி இருட்டில் அசையாமல் கிடக்கும் கம்பளியைத்தான் தேடி வரும்.