வேலையை விட்டுவிட்டு பி.எட். சேரலாமா?

எல்லோருக்கும் வணக்கம். 2014-இல் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். இப்போது ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். ராத்திரி எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன். அல்ஜீப்ராவைக் கண்டு அழுத ஒருத்தி போன மாதம் தானாகவே சமன்பாடு போட்டாள். அன்றிலிருந்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆகியே தீர வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

தபால் வழி பி.எட். பற்றி விசாரித்தேன். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்குத்தான் அது என்கிறார்கள். அப்படியென்றால் இரண்டு வருட ரெகுலர்தான். அதில் பள்ளிக்கூடப் பயிற்சியே 20 வாரம். கடையில் அவ்வளவு நாள் லீவு தர மாட்டார்கள். ஒரு புரோக்கர், "கல்லூரிக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாங்க" என்றார். மனசு ஒப்பவில்லை. வகுப்பில் நிற்காமல் வாங்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு கரும்பலகை முன் எப்படி நிற்பது?

அப்புறம் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அதற்கு மேல் நியமனத் தேர்வு வேறு இருக்கிறது. முப்பது தாண்டி பி.எட். படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்த இரண்டு வருடம் வீட்டுச் செலவை எப்படிச் சமாளித்தீர்கள்? பயிற்சி இல்லாத நாட்களில் பகுதி நேர வேலைக்குப் போக முடிந்ததா? டெட்டுக்குப் படிக்கும்போதே தயாரானீர்களா, முடித்த பிறகா? அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் சொல்லுங்கள்.