குளிக்கும் படித்துறையில் நீர்ப் பரிசோதனை: எந்த முறை?

கேள்வி: தாமிரபரணியில் குறுக்குத்துறைப் பக்கம் தன்னார்வலர்களாக வாரம் ஒருமுறை சோதிக்கப்போகிறோம். ஹைட்ரஜன் சல்பைடு குப்பி (நீரில் கிருமி இருந்தால் கறுக்கும் சோதனைக் குப்பி) போதுமா?

பதில் 1: போதாது. அது கிருமி உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும், எண்ணிக்கை தராது. ஆற்றுநீர் எப்படியும் கறுத்துவிடும். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் குளியல் நீர் வரம்பு, 100 மி.லி.க்கு மலக் கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) விரும்பத்தக்க அளவு 500, அனுமதிக்கும் உச்சம் 2500. எண் இல்லாமல் எதோடு ஒப்பிடுவீர்கள்? கோலிலெர்ட் குவாண்டி-ட்ரே எடுங்கள்; நீரில் கோலிலெர்ட் பொடியைக் கலந்து, பல குழிகள் உள்ள தட்டில் ஊற்றி, நிறம் மாறிய குழிகளை எண்ணும் முறை அது. 35 டிகிரியில் 24 மணி நேரம்; மஞ்சளாகி, 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் ஒளிரும் குழிகளில்தான் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா இருக்கிறது. 28 மணி தாண்டினால் புதிதாக வரும் மஞ்சளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பதில் 2: தட்டில் எல்லாக் குழியும் ஒளிர்ந்தால் உண்மையான எண்ணிக்கை எவ்வளவு என்று தெரியாது. 10 மி.லி. ஆற்றுநீரோடு 90 மி.லி. கிருமிநீக்கிய நீர் சேர்த்துச் சோதித்து, விடையைப் பத்தால் பெருக்குங்கள். இன்னொன்று, ஈ.கோலை மலக் கோலிஃபார்மின் ஒரு பகுதிதான். வாரிய எண்ணோடு அப்படியே ஒப்பிட்டால் ஆறு உள்ளதைவிடச் சுத்தமாகத் தெரியும்.

பதில் 3: பாதிப் பிழை குப்பி நிரப்புவதிலேயே வந்துவிடும். முழங்கால் ஆழத்தில், நீரோட்டத்தை எதிர்த்து நின்று, மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே பிடியுங்கள். காலால் கலக்கிய சேறு விழக்கூடாது. உடனே ஐஸ் பெட்டி, 6 மணி நேரத்துக்குள் சோதனை. ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கிய நீரில் ஒரு வெற்றுச் சோதனையும் வையுங்கள். அது மஞ்சளானால் அன்றைய முடிவெல்லாம் குப்பைக்கு. மழை பெய்து இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்ததைத் தனியாகக் குறியுங்கள்.