மெர்க்கலின் போனை ஒட்டுக்கேட்ட பிறகும் ஜெர்மனியும் அமெரிக்காவும் கூட்டாளிகளாக இருப்பது எப்படி?

கதிர் (பெர்லின்):
மேற்படிப்புக்கு வந்து இரண்டாவது வருடம். போன வாரம் ஊரிலிருந்து வந்த சித்தப்பாவை பிராண்டன்பர்க் வாயிலுக்குக் கூட்டிப்போனேன். பக்கத்திலேயே அமெரிக்கத் தூதரகம். கூட வந்த ரூம்மேட், ஜெர்மன் பையன், அதன் மொட்டைமாடியைக் காட்டி, "எங்கள் சான்சலராக, அதாவது பிரதமர் மாதிரி, இருந்த மெர்க்கலின் போனை அமெரிக்கர்கள் அங்கிருந்துதான் கேட்டதாகச் சொல்கிறார்கள்" என்றான். சித்தப்பா நம்பவே இல்லை. "சேக்காளி வீட்டு வாசல்லயே உட்கார்ந்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

2013 அக்டோபரில் விஷயம் வெளியே வந்தபோது, நண்பர்களுக்குள் வேவு பார்ப்பது நடக்கவே கூடாது என்று மெர்க்கல் சொன்னார். சரி, அப்புறம்? இன்றும் நேட்டோ ராணுவக் கூட்டணியில் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். அப்படியானால் நம்பிக்கை என்பதெல்லாம் வெறும் மேடைப் பேச்சா?

செல்வா82:
மாட்டினால் உளவாளி, மாட்டாவிட்டால் தூதரக அதிகாரி. அவ்வளவுதான் தம்பி.

தபால் தாத்தா:
செல்வா சொன்னது பாதிதான். மெர்க்கலின் எண் 2002-லேயே, அவர் எதிர்க்கட்சியில் இருந்தபோதே, அமெரிக்காவின் ஒட்டுக்கேட்புப் பட்டியலில் ஏறிவிட்டதாக டெர் ஷ்பீகல் என்ற ஜெர்மன் வார இதழ் எழுதியது. விசாரணையும் நடந்தது. கோர்ட்டில் நிற்கிற மாதிரி ஆதாரம் இல்லையென்று 2015 ஜூனில் மூடிவிட்டார்கள். எனக்கு அதைவிட 2014-ல் பிடிபட்ட ஒரு கிளார்க்கின் கதைதான் மனதில் நிற்கிறது.

நான் தாலுகா ஆபீசில் 31 வருடம் இருந்தவன். அதில் பாதி தபால் செக்‌ஷன். உறையைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, நம்பர் போட்டு, உரிய மேஜைக்கு அனுப்ப வேண்டும். அந்த நாற்காலியை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் தாசில்தாருக்கு முன்னால் எல்லாக் காகிதமும் அங்கேதான் வரும். ஜெர்மன் வெளிநாட்டு உளவுத்துறையான பிஎன்டியில் அந்த ஆளுக்கும் ஏறக்குறைய இதே வேலை. வருடக்கணக்கில் 200-க்கும் மேற்பட்ட ஆவணங்களை சிஐஏவுக்கு விற்றிருக்கிறார்.

அவர் சிக்கியது ரஷ்யர்களிடம் போனதால். 2014-ல் மியூனிக்கிலுள்ள ரஷ்யத் துணைத் தூதரகத்துக்கும் ஆவணம் தருவதாக மின்னஞ்சல் அனுப்பினார். ஜெர்மானியர்கள் அதைப் பார்த்து, ரஷ்ய உளவாளி என்று நினைத்து, இந்த மின்னஞ்சல் யாருடையது என்று அமெரிக்கர்களிடமே விசாரித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பதில் வரவில்லை. ஜூலை 2-ல் பிடித்து உட்காரவைத்தால், நான் அமெரிக்கர்களின் ஆள் என்கிறார்! அமெரிக்கத் தூதரை வெளியுறவு அமைச்சகத்துக்குக் கூப்பிட்டது ஜூலை 4, அவர்களுடைய சுதந்திர தினம். ஜூலை 10-ல் பெர்லின் சிஐஏ தலைவரைக் கிளம்பச் சொன்னார்கள். கிளார்க்குக்கு 2016-ல் எட்டு வருடச் சிறை. பிஎன்டியில் யாரும் தன்னை நம்பி எதுவும் கொடுக்கவில்லை, சிஐஏவில் அப்படி இல்லை என்று கோர்ட்டில் சொன்னாராம். அதைப் படித்தபோது அந்த நாற்காலி எனக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது.

இன்னொன்று. அவர் விற்ற ஆவணங்களில், அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி கிளிண்டனின் தொலைபேசிப் பேச்சு பற்றிய குறிப்பும் இருந்ததாக அந்த ஆகஸ்டில் செய்தி வந்தது. பிஎன்டி அதைக் கேட்டிருக்கிறது! தற்செயலாகச் சிக்கியது என்றார்கள். நேட்டோவில் கூடவே இருக்கிற துருக்கியை பிஎன்டி வேவு பார்த்த கதையும் அதே மாதம் வெளியே வந்தது. அதுவும் தற்செயலா?

சித்தப்பா 'சேக்காளி' என்றாரே, அங்கேதான் கணக்கு தப்புகிறது. இவர்கள் பங்காளிகள். வரப்புத் தகராறு தீராது, அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று மோப்பம் பிடிக்காமலும் இருக்க முடியாது. ஆனால் எழவு விழுந்தால் முதலில் வந்து நிற்பதும் அவர்கள்தான். 2007-ல் ஜெர்மனியின் சவர்லாண்ட் பகுதியில் குண்டு தயாரித்த கும்பல் மாட்டியதே அமெரிக்கத் துப்பால். அந்தக் கொடுக்கல் வாங்கலை எந்த சான்சலரும் அறுத்துக்கொள்ள மாட்டார்.

கதிர்:
ஐயா, துருக்கி விஷயம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ரூம்மேட்டிடம் சொன்னேன், பேச்சை மாற்றிவிட்டான்.

யாழ்மகள் (டென்மார்க்):
எங்கட நாட்டையும் சேருங்கோ. டென்மார்க் கடல் கேபிள்கள் வழியாக 2012 முதல் 2014 வரை ஜெர்மன் தலைவர்களான மெர்க்கல், ஷ்டைன்மையர் ஆகியோரை வேவு பார்க்க அமெரிக்காவுக்கு டேனிஷ் ராணுவ உளவுத்துறை உதவியது என்று எங்கட தேசிய ஒலிபரப்பு டிஆர் 2021 மே மாதம் வெளியிட்டது. பக்கத்து நாடு, எல்லை தாண்டினால் ஜெர்மனி! இதைப் பற்றி எங்கட உளவுத்துறை நடத்திய உள்விசாரணைக்குப் பெயர் 'டுன்ஹாமர்'. இங்கே குளக்கரையில் வளரும் ஒருவகைக் கோரைக்கு அதுதான் பெயர். வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்க்கிறனான், இப்ப பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

செல்வா82:
தாத்தா, 2014-ல் இந்த வேவு விவகாரத்தை ஆராய்ந்த ஜெர்மன் நாடாளுமன்ற விசாரணைக் குழுத் தலைவர் இனி டைப்ரைட்டரில் அடிக்கலாமா என்று யோசிப்பதாக டிவியில் சொன்னாரே, நினைவிருக்கிறதா? அதுவும் எலக்ட்ரானிக் இல்லாத டைப்ரைட்டர். அது பாதுகாப்புதானே?

தபால் தாத்தா:
யார் சொன்னது? எங்கள் ஆபீசில் டைப்பிஸ்ட் தூக்கிப்போடும் கார்பன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் போதும். யாருக்கு மெமோ என்று, மெமோ வாங்குகிற ஆளுக்கு முன்னாலேயே எங்கள் மேஜைக்குத் தெரிந்துவிடும்.