பொருள்: 'பூட்' ஆகாத மடிக்கணினிக்கு ஒரு வினைச்சொல்

மஞ்சக்குப்பம், கடலூர்:

கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம். பழுதுபார்ப்புப் பயிற்சி மாணவர்களுக்காக நான் எழுதும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கணினி மின் பெற்றபின் விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு வேலைக்கு ஆயத்தமாவதைக் குறிக்கும் 'பூட்' என்பதற்குச் சொல் அமையாமல் ஓர் இயல் அப்படியே நிற்கிறது. கடைகளில் 'ஆன் ஆகிறது, பூட் ஆகவில்லை' என்னும்போது பழுதின் பாதி அந்தத் தொடரிலேயே தெரிந்துவிடுகிறது. பொத்தானை அழுத்தியும் விளக்கே எரியாவிட்டால் மின்னேற்றியையும் மின்கலத்தையும் தாய்ப்பலகையையும் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து, விசிறி சுழன்று, நிறுவனத்தின் சின்னமும் தோன்றிய பிறகு நின்றால் பெரும்பாலும் வட்டையோ இயங்குதளத்தையோ பார்க்க வேண்டும். இரண்டையும் நான் 'தொடங்கவில்லை' என்றே எழுதிவைத்ததன் பலன், வட்டு கெட்டுப்போன கருவிக்கு ஒரு மாணவர் மூன்று மின்னேற்றிகளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

அம்மா, 'துவக்கம்' என்று வைத்துக்கொள்ளலாமே. இயங்குதளத்தை ஏற்றிவைக்கும் நிரலான பூட்லோடரைத் 'துவக்கி' என்றால் வேலை முடிந்தது.

நெல்லிக்குப்பம்:

முடியவில்லை, ஐயா. ஈழத்து அன்பர்களுக்குத் 'துவக்கு' என்றால் துப்பாக்கி. 'தொடங்கு' என்பதே செவ்விய வடிவம் என்பது என் கட்சி. ஆயினும் தொடக்கப் பட்டி, தொடக்கப் பக்கம் என்று அது வேறு பணிகளில் செலவாகிவிட்டது.

நமக்கு வேண்டியது அழகிய பெயர்ச்சொல் அன்று. எதிர்மறையையும் எச்சத்தையும் தாங்கி நடக்கக்கூடிய வினை. ஆகவே 'கால்கோள்' என்பதை முன்மொழிகிறேன். 'கொள்' என்பது 'கோள்' என நீண்ட முதனிலை திரிந்த தொழிற்பெயர் ஆதலால், பெயர் வேண்டுமிடத்தில் கால்கோள் என்றும், வினை வேண்டுமிடத்தில் கால்கொண்டது, கால்கொள்ளவில்லை, கால்கொள்ளாத கணினி என்றும் தடையின்றி வரும். கோயில் விழாவுக்குக் கால்கோள் நடத்துகிற ஊரில் இச்சொல்லுக்கு அகராதி தேவையில்லை. ஆங்கிலச் சொல்லும் காலைப் பற்றியதுதான்: காலணியை இழுத்து மாட்டுவதற்காகத் தைத்திருக்கும் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வதாகச் சொல்லும் 'பூட்ஸ்ட்ராப்' என்ற சொல்லின் சுருக்கமே பூட்.

பண்ருட்டி:

ஐயா அவர்கள் இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. 'பூட்டு' நம்மிடமே இருக்கிறது. சித்திரையில் பொன்னேர் பூட்டுகிறோம். ஏர் பூட்டினால் உழவு தொடங்குகிறது, நாண் பூட்டினால் வில் உயிர் பெறுகிறது. ஆங்கிலத்தின் பூட் இதிலிருந்து போனதுதான் என்பது என் நெடுநாளைய கருத்து.

மேலும், கால்கோள் என்பது புறத்திணையில் நடுகல்லுக்கு உரிய துறை அல்லவா? காட்சிக்கு அடுத்து கால்கோள், அதற்கடுத்து கல்லை நீராட்டும் நீர்ப்படை என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. மாண்ட வீரனுக்கு எடுக்கும் கல்லின் சொல்லை, பிழைக்க வேண்டிய கருவிக்கு வைப்பது முறையோ?

நெல்லிக்குப்பம்:

வரிசை நமக்கு முற்றிலும் பொருந்துகிறது. முதலில் திரையில் காட்சி வர வேண்டும், பிறகுதான் கால்கோள். நீர்ப்படையை மட்டும் தவிர்த்துவிடுவோம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது அதுவும் நம் பகுதியில் வேண்டிய அளவு நடந்தேறியது. 'பூட்டு' பற்றி ஒன்றே சொல்வேன்: கடவுச்சொல் கேட்கும் திரையைப் பூட்டுத்திரை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே 'கணினி பூட்டவில்லை' என்று எழுத முடியாது.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

துவக்கியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இதற்கு 'அமொர்சாஜ்' என்ற சொல் தெரியும். பம்புக்குத் தண்ணீர் ஊற்றி எடுப்பதற்கும் அதே சொல்தான். ஃபுட் வால்வு கசிந்த கிணற்று மோட்டாரை எண்ணிப் பாருங்கள்: மோட்டார் ஓடும் ஓசை கேட்கும், தண்ணீர் ஏறாது, குழாயில் ஒரு குடம் ஊற்றி நிரப்பிய பிறகே அது மேலும் நீரை இழுக்கும். தாய்ப்பலகையின் சில்லில் உள்ள சிறு நிரல்தான் அந்தக் குடத்துத் தண்ணீர். அது வட்டிலிருக்கும் பூட்லோடரை அழைக்க, பூட்லோடர் இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. ஆதலால் 'முதலேற்றம்' எனலாம்.

மஞ்சக்குப்பம், கடலூர்:

பம்பு உவமையை நன்றியுடன் கையேட்டில் சேர்த்துக்கொள்கிறேன். அதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கத் தெரியாது. ஆனால் முதலேற்றம் என்று எழுதினால் மாணவர் அதை மின்னேற்றம் என்று படித்துவிட்டு, மறுபடியும் மின்னேற்றியைத்தான் கையிலெடுப்பார்.

நேற்றிரவு மின்னேற்றி, கால்கோள் ஆகிய இரு சொற்களையும் ஒரு பத்தியில் வைத்துப் பார்த்தேன்: 'மின்னேற்றியைக் கழற்றி, கழற்றக்கூடியதாயின் மின்கலத்தையும் எடுத்துவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வடித்த பின் மீண்டும் இணைத்துப் பார்க்கவும். மின் வந்தும் கால்கொள்ளாவிடில், தாய்ப்பலகைச் சில்லின் நிரலான பயாஸின் அமைப்பில் வட்டின் பெயர் தெரிகிறதா என்று நோக்கவும். தெரியாவிட்டால் வட்டின் இணைப்பையும், தெரிந்தால் கால்கோள் வரிசையையும் சரிபார்க்கவும்.' வாய்விட்டுப் படித்தபோது நாக்கு எங்கும் இடறவில்லை. பாதியிலேயே அணைந்து திரும்பத் திரும்ப முதலிலிருந்து வருவதைக் 'கால்கோள் சுழல்' என்று எழுதியிருக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் 'பூட் எனப்படும் கால்கோள்' என்று வரும். எழுதியவர்களில் பெரும்பாலோர் இதற்கு உடன்பட்டதாகவே கொள்கிறேன். சிலர் களைப்பினால் உடன்பட்டிருக்கலாம்.

பண்ருட்டி:

உடன்படாதவன் என்று என்னைக் குறித்துக்கொள்க. 'கால்கொள்ளாத கணினி' என்ற தலைப்பைப் படித்துவிட்டு மாணவர் எவரேனும் குனிந்து மேசையின் காலைப் பார்த்தால், அதற்கு நான் பொறுப்பல்லன்.