பழைய கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கப் போன அனுபவம் யாருக்கெல்லாம் இருக்கிறது?

வேப்பமரம், ஹூஸ்டன்:
கன் ஷோ முடிந்து வெளியே வந்தால், பார்க்கிங்கில் ஒரு பெரியவர் கிளாக் 19 ஜென் 4 (நான்காம் தலைமுறை மாடல்) விற்கிறார். தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ள நான் தேடிக்கொண்டிருந்ததே அதுதான். தோட்டாக்கள் அடுக்கும் மேகசினைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு, "காலிதான்" என்று துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். மேலே நகரும் பாகமான ஸ்லைடை இழுத்தேன். சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் சேம்பரிலிருந்து ஒரு தோட்டா துள்ளி, அவர் கார் சக்கரத்தடியில் உருண்டது. காருக்குள் அவர் மனைவி போன் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை முனை அந்தப் பக்கம்தான் இருந்தது. பேரலை (குழலை) பார்க்க கிளாக்கைப் பிரிக்க வேண்டுமென்றால் ட்ரிகரை அழுத்தியாக வேண்டும், உங்களுக்கே தெரியும். "நானே பிரித்துக் காட்டட்டுமா?" என்று அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. வாங்கவில்லை.

தென்னங்கீற்று, டாலஸ்:
தனியாரிடம் போயிருக்கவே வேண்டாம். டெக்சாஸில் அது சட்டப்படி சரிதான், பின்னணிச் சோதனைகூடக் கட்டாயமில்லை. ஆனால் அது திருட்டுத் துப்பாக்கியா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சிக் பி365 பழையது ஒன்றைக் கடையில் வாங்கினேன். கவுன்டரில் இருந்த பெண் ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பருக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்து, அப்புறம்தான் கொடுத்தார். நான் திருப்பிக் கொடுத்தபோதும் மறுபடி அதே விரல், அதே சோதனை. அந்தப் பழக்கம் உள்ளவரிடம் மட்டும்தான் வாங்க வேண்டும் என்பேன்.

கரிசல், ஆஸ்டின்:
கடை என்றால் எல்லாம் சரி என்று சொல்லாதீர்கள் தென்னங்கீற்று. போலீஸ் துறை கழித்துக் கொடுத்த கிளாக் ஒன்றை, "நைட் சைட் (இருட்டில் ஒளிரும் குறிபார்க்கும் புள்ளிகள்) இருக்கிறது" என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். வீட்டில் விளக்கை அணைத்துப் பார்த்தால் முன்புள்ளி சுத்தமாக இருட்டு.

அந்தப் புள்ளிகளை ஒளிர வைக்கும் ட்ரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 12 ஆண்டு சொச்சம்தான். அதனால் சைட்டில் போட்டிருக்கும் ஆண்டை முதலில் பாருங்கள். கடையிலேயே கையைக் குவித்து மூடி உள்ளே பார்த்தாலும் தெரிந்துவிடும். ஸ்லைடில் ஹோல்ஸ்டர் தேய்த்த வெள்ளைக் கீறலுக்குப் பயப்பட வேண்டாம். போலீஸ் துப்பாக்கி பல வருடம் இடுப்பில் கிடந்திருக்கும், சுட்டது குறைவாகவே இருக்கும். இருந்தாலும் ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. மேகசின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். கிளாக்கில் விரலால் தள்ளும் சேஃப்டி கிடையாது. அதனால் ட்ரிகரை முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் இல்லாமல் இடுப்பில் செருகவே செருகாதீர்கள். துணி உறை வேண்டாம். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் உரிமம் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம் என்றாலும், உரிமம் எடுத்துவிடுங்கள். அதை ஏற்கும் வேறு மாநிலங்களுக்குப் போகும்போது உதவும்.

அல்லிக்குளம், ஹூஸ்டன்:
எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். என் நண்பருடன் கடைக்குப் போனேன். கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தில் விசா பற்றிய கேள்விக்கு வந்ததும் அவர் பேனா நின்றது. "வேட்டை உரிமம் இருக்கிறதா?" என்று கடைக்காரர் கேட்டார். இல்லை. படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. பார்க்கிங்கில் தனியாரிடம் வாங்கினாலும் அதே சட்டம்தான், படிவம் இல்லை என்பதால் தப்ப முடியாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.