லண்டனில் நாள் முழுக்க மழை என்றால் அம்மா அப்பாவை எங்கே கூட்டிப்போவது?

அம்மாபேட்டை வாசி கேட்டது:

வணக்கம். நவம்பர் நடுவில் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு லண்டன் போகிறேன். தங்கச்சி அங்கேதான் வேலை பார்க்கிறாள், தங்கல் அவள் வீட்டில். வார நாளில் அவளுக்கு ஆபீஸ் இருப்பதால் ஊர் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. மழை எப்படி இருக்கும் என்று கேட்டால், "வரும், நிற்கும், திரும்ப வரும், பார்த்துக்கலாம்ண்ணா" என்கிறாள்.

அப்பா கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் மைன்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். முழங்கால் வலி உண்டு. ஆனால் கல்லு, மண்ணு, பாறை என்று பேச்சு வந்தால் எவ்வளவு நேரமானாலும் நின்று பார்ப்பார். அம்மா சுத்த சைவம், சேலை தவிர வேறு எதுவும் உடுத்தியதில்லை. நான் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் லண்டன் ஐ ராட்டினம், டவர் பிரிட்ஜ், ஹைட் பார்க் என்று எல்லாமே திறந்தவெளி இடங்கள்தான். காலையிலிருந்து இருட்டும்வரை விடாமல் பெய்தால் அந்த நாளை என்ன செய்வது? ரொம்ப வருஷமாக ஆசைப்பட்டு அப்பாவே வாய்விட்டுக் கேட்ட பயணம் இது. அவரை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுக் கூட்டிவர எனக்கு மனசில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு எழுதியது:

நான் சில வருஷம் அங்கே வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் மழையைப் பற்றி. லண்டனில் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான் மழை, நம்ம சேலத்தில் பெய்வது அதைவிட அதிகம். என்ன வித்தியாசம் என்றால், நம்ம ஊரில் ஐப்பசியில் ஒரே சாயங்காலத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும், அங்கே அதே தண்ணீர் நாள் பூராவும் தூறலாக இறங்கும். நின்றதும் கிளம்பலாம் என்று காத்திருந்தால் பகல் போய்விடும். நவம்பர் நடுவில் சாயங்காலம் நாலு மணி தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும், இதை மறக்காதீர்கள். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும், ஒரே வட்டாரத்தில் இருக்க வேண்டும், ஒரே இடத்தை ஆற அமரப் பார்க்க வேண்டும். மழை நாளில் நாலு இடம் ஓடினால் நனைவதும் காய்வதுமாகவே பொழுது போகும், பெரியவர்கள் கூட வந்தால் இன்னும் மோசம்.

உங்கள் அப்பாவுக்கு என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், சவுத் கென்சிங்டன்தான். அந்த ஸ்டேஷனிலிருந்து அருங்காட்சியகங்கள் பக்கம் போக 1885-லேயே பூமிக்கடியில் ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஓடு பதித்த நீளமான சுரங்கம், மேலே என்ன மழை பெய்தாலும் உள்ளே நனையாமல் நடக்கலாம். ஸ்டேஷனில் படிகள் உண்டு, அங்கே மட்டும் அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள். சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் சில நிமிஷ நடையில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். 1881-ல் திறந்த சுட்டமண் கட்டடம், சுவரிலும் தூணிலும் குரங்கும் மீனும் பறவையுமாகச் செய்து வைத்திருப்பார்கள். அனுமதி இலவசம், ஆனால் இணையத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு போனால் மழையில் வரிசையில் நிற்கும் தொல்லை குறையும். பெரிய கூடத்தில் 25 மீட்டருக்கு மேல் நீளமான நீலத்திமிங்கல எலும்புக்கூடு தொங்கும், அதன் அடியில் நின்று அம்மாவுக்கு ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்கள்.

அப்புறம் நேராக மாடிக்கு, கனிமக் கூடத்துக்குப் போங்கள். பெரும்பாலானவர்கள் டைனோசரைப் பார்க்க ஓடுவதால் இங்கே கூட்டம் இருக்காது. பழைய ஓக் மரப் பெட்டிகள் வரிசை வரிசையாக நிற்கும், கண்ணாடிக்குக் கீழே ஆயிரக்கணக்கில் கற்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எங்கே கிடைத்தது என்று சின்னச் சீட்டு. ரசாயன வகைப்படி அடுக்கியிருப்பதால் கார்பனேட் பெட்டிகள் எது என்று மட்டும் காட்டிவிட்டு அப்பாவைத் தேட விடுங்கள். உங்கள் ஊர் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், அந்தக் குடும்பம்தானே. வாழ்நாள் முழுக்க அந்தக் கல்லோடு பழகியவர், அங்கே உங்களுக்கு அவர்தான் விளக்கிச் சொல்வார், நீங்கள் கேட்டுக்கொண்டு பின்னால் நடந்தால் போதும்.

மலைமேல் காப்பி எழுதியது:

நான் ஏற்காடு. மழை, குளிர், ஈரச் சாக்ஸ் இது மூன்றும் எனக்குப் பழக்கம் என்பதால் அம்மாவின் சேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பருத்திச் சேலை வேண்டாம். கரை நனைந்தால் ஈரம் மெதுவாகக் கெண்டைக்கால்வரை ஏறும், மடிப்பு கனத்து நடையைப் பிடித்து இழுக்கும், அந்தக் குளிரில் சாயங்காலம்வரை காயாது. சீக்கிரம் காயும் சின்தெடிக் சேலையைக் கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி கட்டச் சொல்லுங்கள், உள்ளே தெர்மல் பேண்ட், காலில் தண்ணீர் புகாத ஷூ, மாற்ற ஒரு ஜோடி சாக்ஸ் பையில். எங்கள் பக்கம் எஸ்டேட் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகி மேலே ஒரு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சாரலில் நாள் பூரா பழம் பறிக்கிறார்கள், ஆக சேலையோடு மழையில் நடமாட முடியாது என்பதெல்லாம் இல்லை. குடையை நம்ப வேண்டாம், பெரிய கட்டடங்களுக்கு நடுவே காற்று அதைத் திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு, முழங்கால்வரை நீளமானதாக, மூன்று பேருக்கும் வாங்கிவிடுங்கள்.

இடம் என்றால் என் ஓட்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு. அதுவும் இலவசம். நடு முற்றத்தை 2000-ல் கண்ணாடிக் கூரை போட்டு மூடிவிட்டார்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள், மழை நாளிலும் உள்ளே நல்ல வெளிச்சம். எல்லோரும் ரோசெட்டா கல்லையும் மம்மிகளையும் மொய்ப்பார்கள், அதையும் பாருங்கள். ஆனால் அப்பாவை 33ஏ எண் அறைக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். கிருஷ்ணா நதிக்கரை அமராவதி பௌத்த ஸ்தூபியின் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதன் மிச்சப் பாதி என்றே சொல்லலாம். எல்லாம் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கியது. இவ்வளவு தூரம் அவை போய்ச் சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனக்கிறது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்று. முதல் எண் கூடத்தில், லண்டனிலேயே கிரேஸ் இன் லேன் என்ற இடத்தில் தோண்டி எடுத்த கற்கோடரி ஒன்று உண்டு. யானை எலும்போடு சேர்ந்து 17-ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. அந்தக் காலத்தில் அதன் வயசு யாருக்கும் பிடிபடவில்லை, ரோமானியப் பேரரசர் கிளாடியஸ் கொண்டுவந்த யானையை எதிர்த்து வீசிய ஆயுதமாக இருக்கும் என்று எழுதினார்கள். உண்மையில் அது லட்சக்கணக்கான வருஷம் பழையது. நம்ம நாட்டில் அதே மாதிரி கற்கோடரியை 1863-ல் பல்லாவரத்தில் கண்டெடுத்து, அது ஆதி மனிதன் செய்தது என்று அடையாளம் கண்ட ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வீடு வைத்து வாழ்ந்தார். 1912-ல் இறந்தவரின் அஸ்தி எங்கள் ஊர் ஹோலி டிரினிட்டி சர்ச்சில்தான் இருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டு அந்தக் கல்லைக் காட்டுங்கள்.

குகை ஏரியா எழுதியது:

மேலே இரண்டு பேரும் சொன்னது அருமையான இடங்கள், ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிடாதீர்கள். கல் தரையில் மூன்று மணி நேரம் நின்றாலே முழங்கால் வலிக்காரருக்கு மறுநாள் எழுந்திருக்க முடியாது. எங்கள் மாமனாரை வைத்துக்கொண்டு நான் செய்தது வேறு. டிரஃபால்கர் சதுக்கத்தில் 15-ஆம் நம்பர் மாடி பஸ் ஏறி, மேலே முன்வரிசையில் உட்கார்ந்தோம். செயின்ட் பால்ஸ் கதீட்ரல், டவர் கோட்டை எல்லாம் கண்ணாடி வழியாகவே வந்துவிட்டது. மழைத்துளி வழிகிற கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊர் நகர்வதை அவர் அவ்வளவு ரசித்தார். பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், தொட்டாலே காசு பிடிக்கும் கார்டை மெஷினில் தொட வேண்டும், ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். முதல் தடவை தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அதே கார்டில் வேறு பஸ் மாறினால் மறுபடி காசு பிடிக்காது.

லண்டன் ஐ மாதிரி உயரத்துக்கு ஏறுகிற எதற்கும் மழை நாளில் டிக்கெட் போடாதீர்கள். வானம் தெளிகிற நாளுக்கு ஒதுக்கி வையுங்கள்.

அம்மாபேட்டை வாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கார்பனேட் பெட்டி விஷயத்தை இப்போதே அப்பாவிடம் சொல்லிவிட்டேன், "நம்ம கல்லு அங்கே இருக்குமா" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். சாப்பாட்டுக்கு என்ன வழி? அம்மா புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், உள்ளே உட்கார்ந்து சாப்பிட விடுவார்களா?

ஐந்து ரோடு:

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கட்டுச்சோறு சாப்பிடக் கீழ்த்தளத்தில் இடம் விட்டிருக்கிறார்கள், தைரியமாகக் கொண்டுபோங்கள். காட்சிக் கூடங்களுக்குள் மட்டும் எதையும் பிரிக்கக் கூடாது. சாப்பிட்ட பிறகு டீ வேண்டுமென்றால் எதிரே இருக்கும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குள் போங்கள். உலகத்திலேயே முதன்முதலில் உணவகம் வைத்த அருங்காட்சியகம் அதுதான். வண்ண ஓடும் விளக்குமாக அந்தப் பழைய அறைகளைப் பார்த்தாலே அம்மாவுக்குப் பிடித்துவிடும்.

சூடாக நம்ம சாப்பாடு வேண்டுமென்றால் ஈஸ்ட் ஹாம் போங்கள், தெரு முழுக்கத் தமிழ்க் கடை, மகாலட்சுமி கோயிலும் அங்கேயே. ஆனால் அது ஊரின் கிழக்குக் கோடி, அதற்கென்று ஒரு சாயங்காலத்தைத் தனியாக வையுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுங்கள். அன்று இரவு 8.30 வரை திறந்திருக்கும், தங்கச்சியும் ஆபீஸ் முடித்து நேராக அங்கேயே வந்து சேர்ந்துகொள்ளலாம்.